ஒரு நிமிட மகாராஜாக்கள்!

'ரேஸ்' என்ற வார்த்தைக்கு நம் வீடுகளில் அவ்வளவாக நல்ல பெயர் கிடையாது. 'அவரா... ரேஸுக்குப் போயே வீட்டை வித்தவராச்சே!' என்று யாராவது ஒரு பெரியப்பாவைப் பற்றிய பேச்சு எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. ஆகவே, ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் நாம் பார்க்கப் போவது பணம் கட்டுகிறவர்களை அல்ல... ஓடுகிறவர்களை!

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிப்போம். உலகத்திலேயே அதிவேகமாக ஓடிய பந்தயக் குதிரை எது?

இதற்கு கின்னஸ் புத்தகத்திலேயே பதில் இருக்கிறது. பெயர், வின்னிங் ப்ரூ. இரண்டு வயதுப் பெட்டைக் குதிரை. 2008-ம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இரண்டு பர்லாங் தூரத்தை 20.57 விநாடிகளில் கடந்தது. மணிக்கு 70.76 கிலோமீட்டர் வேகம்!

'சரி, விஷயம் முடிந்தது' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். வேடிக்கையே இனிமேல்தான். குதிரைப் பந்தயத்தில் ஊறிப்போன பத்துப் பேரை உட்காரவைத்து, 'சரித்திரத்தின் தலைசிறந்த வேகக் குதிரை எது?' என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரும் சண்டை போடுவார்கள். ஆனால், ஒருத்தர் வாயிலிருந்தும் வின்னிங் ப்ரூ என்ற பெயர் வராது!

இன்னொரு உதாரணம். இங்கிலாந்தில் எப்ஸம் என்ற ஊரின் மைதானத்தில் ஐந்து பர்லாங் பந்தயப் பாதை, சரிவில் இறங்குகிறது. சைக்கிளில் பாலத்தின் மேலிருந்து இறங்குகிற மாதிரி! 2012-ல் ஸ்டோன் ஆஃப் ஃபோல்கா என்ற குதிரை, யாரும் பெரிதாக எதிர்பார்க்காத நிலையில் அங்கே 53.69 விநாடிகளில் ஓடி உலக சாதனை படைத்தது. அதையும் யாரும் 'தலைசிறந்த' பட்டியலில் சேர்ப்பதில்லை.

ஏன்? கடிகாரம் பொய் சொல்லாது. ஆனால், முழு உண்மையையும் சொல்லாது! ஓர் ஊரில் பாதை சரிவு. ஓர் ஊரில் ஏற்றம். மழை பெய்தால் புல்தரை சேறாகி, குளம்பு உள்ளே புதையும். வெயில் காய்ந்தால் தரை இறுகி, குதிரை பறக்கும். முதுகில் ஏற்றும் எடையும் பந்தயத்துக்குப் பந்தயம் மாறும். இங்கிலாந்தில் புல்தரை, அமெரிக்காவில் பெரும்பாலும் மண்தரை. ஆகவே, இந்த வழக்கில் வெறும் விநாடிக் கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

அப்படியானால், வேறு எதை வைத்து எழுதுவது? அதற்கு முன் இந்த ஓட்டக்காரர்களின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

பந்தயக் குதிரைகளில் 'தரோபிரெட்' என்று ஓர் இனம் இருக்கிறது. சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் கிழக்கு நாடுகளிலிருந்து கொண்டுவந்த ஆண் குதிரைகளையும், இங்கிலாந்தில் இருந்த பெட்டைக் குதிரைகளையும் சேர்த்து உருவாக்கிய இனம். அந்தக் காலத்துப் பந்தயங்கள் நான்கு மைல்! அதுவும் ஒரே நாளில் இரண்டு மூன்று முறை ஓட வேண்டும். 'மூச்சுப் பிடித்து நெடுந்தூரம் ஓடுவதுதான் வீரம்' என்பது அன்றைய பிரபுக்களின் எண்ணம். பிற்பாடு தூரம் குறைந்தது. 1780-ல் டெர்பி பந்தயம் தொடங்கியது. அது ஒன்றரை மைல் என்று ஆனபிறகு, குதிரை உலகத்தின் மிகப் பெரிய கிரீடமாக அதுதான் விளங்கியது. இன்றும் அப்படித்தான்.

ஐந்து, ஆறு பர்லாங் ஓடும் குதிரைகள் என்ன ஆயின? 'ஸ்ப்ரிண்டர்' என்று அவற்றுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அதை உச்சரிக்கும்போதே உதடு கொஞ்சம் கோணும். 'நல்ல குதிரைதான்... ஆனா வெறும் ஸ்ப்ரிண்டர்!' என்பார்கள். கச்சேரியில் துக்கடா பாடுகிறவரைப் பற்றிச் சொல்கிற மாதிரி!

இந்த இளக்காரத்துக்கு ஒரு சாட்சி சொல்கிறேன், கேளுங்கள். இங்கிலாந்து அரச குடும்பமே வந்து பார்க்கும் ராயல் ஆஸ்காட் பந்தய விழாவில், புகழ்பெற்ற ஐந்து பர்லாங் பந்தயம் ஒன்று உண்டு. அது எப்படிப் பிறந்தது தெரியுமா? மழையால்! 1860-ல் அங்கே ஒரு இரண்டு மைல் பந்தயம் நடக்கவேண்டியிருந்தது. கொட்டித் தீர்த்த மழையில் மைதானம் சதசதவென்று ஆகிவிட்டது. ஓடக்கூடிய நிலையில் மிஞ்சியது ஐந்து பர்லாங்தான். 'சரி, இதிலேயே ஓட்டுங்கள்' என்றார்கள். 'குயின்ஸ் ஸ்டாண்ட்' என்று ஆரம்பித்த அந்தப் பந்தயம், விக்டோரியா மகாராணி இறந்தபிறகு 'கிங்ஸ் ஸ்டாண்ட்' ஆனது. 2024 முதல் 'மூன்றாம் சார்லஸ்' பெயரில் நடக்கிறது. வேண்டாவெறுப்பாகப் பிறந்த பிள்ளை, கடைசியில் ராஜா பெயரையே வாங்கிவிட்டது!

ஆனால், இந்த 'துக்கடா'வின் கஷ்டம் ஓடுகிறவர்களுக்குத்தான் தெரியும். ஐந்து பர்லாங் என்பது சுமார் ஆயிரம் மீட்டர். நல்ல குதிரை அதை ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடும். மனிதர்களில் அதிவேகமான உசேன் போல்ட் 2009-ல் நூறு மீட்டரை 9.58 விநாடிகளில் ஓடினார். சராசரியாக மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர். குதிரையோ முதுகில் ஒரு ஆளைச் சுமந்துகொண்டு, அதைப்போல் பத்து மடங்கு தூரத்தை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கிறது! சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 30, 40 முறை துடிக்கிற அதன் இதயம், பாய்ச்சலில் 220-ஐத் தாண்டுகிறது. ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று கால்களும் நுரையீரலும் தாளம் தப்பாமல் இயங்குகின்றன. தாளம் தப்பினால் தீர்ந்தது.

இதில்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது. ஒன்றரை மைல் பந்தயத்தில் தவறு செய்தால் திருத்திக்கொள்ள நேரம் உண்டு. புறப்படும்போது தடுமாறலாம், நடுவில் மாட்டிக்கொள்ளலாம், கடைசியில் பிடித்துவிடலாம். ஆயிரம் மீட்டரில் அதெல்லாம் நடக்காது. ஒரு கால் சறுக்கினால், ஜாக்கி ஒரு விநாடி அசந்தால்... முடிந்தது கதை! ஒரு விநாடிக்குள் ஐந்தாறு குதிரைகளின் நீளம் ஓடிவிடும் வேகம் அது. ஆகவே, ஒரு வேகக் குதிரையின் உண்மையான உயரம், அது அநாயாசமாக ஜெயித்த நாட்களில் தெரியாது. ஏதோ ஒன்று தவறிப்போன நாளில்தான் தெரியும். அந்தத் தராசைக் கையில் வைத்துக்கொண்டு, வேட்பாளர்களை ஒவ்வொருவராக அழைப்போமா? ('அது', 'இது' என்று சொல்ல மனசு வரவில்லை. அவன், அவள் என்றே சொல்கிறேன்!)

முதல் ஆள், டெட்ரார்க். 1911-ல் அயர்லாந்தில் பிறந்தவன். சாம்பல் நிற உடம்பில் சுண்ணாம்பை அள்ளித் தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டுகள். பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். 1,300 கினி கொடுத்து அவனை வாங்கியவர் ஆட்டி பெர்ஸ் என்ற பயிற்சியாளர். 1913-ல், இரண்டு வயதில் மைதானத்தில் இறங்கியதும் சிரிப்பு நின்றது. ராயல் ஆஸ்காட்டில் பத்துக் குதிரை நீள வித்தியாசத்தில் வெற்றி! மக்கள் 'புள்ளி போட்ட அதிசயம்' என்று பெயர் வைத்தார்கள்.

அவனுக்கும் ஒரு சோதனை நாள் வந்தது. சாண்டவுன் மைதானத்தில் புறப்படும்போதே தடுமாறிப் பின்தங்கிவிட்டான். ஐந்து பர்லாங் பந்தயத்தில் இது மரண தண்டனை. ஆனால், டெட்ரார்க் ஒவ்வொருவராக விழுங்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு கழுத்து வித்தியாசத்தில் ஜெயித்தான்! ஏழு பந்தயம், ஏழு வெற்றி. அப்புறம் காலில் அடி. மூன்று வயதில் அவன் மைதானத்துக்கு வரவே இல்லை. மொத்தமே ஒரு பருவம்தான். 'தொடர்ந்து ஓடியிருந்தால் டெர்பியே ஜெயித்திருப்பான்' என்று ஒரு கட்சி. 'ஒன்றரை மைலெல்லாம் தாங்கியிருக்க மாட்டான்' என்று இன்னொரு கட்சி. நூறு ஆண்டுகள் தாண்டியும் அந்த வாய்ச்சண்டை ஓயவில்லை.

இனப்பெருக்கத்திலும் அவனுக்குப் பெரிய ஈடுபாடு இல்லை! வாழ்நாளில் மொத்தம் 130 குட்டிகள்தான். ஆனால், அதில் 80 பேர் பந்தயத்தில் ஜெயித்தார்கள். அந்த 130-ல் ஒருத்திதான் நம்முடைய அடுத்த வேட்பாளர்.

அவள் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவீர்கள். மும்தாஜ் மஹால்!

1922-ல் டான்காஸ்டரில் நடந்த ஏலத்தில், அப்பாவைப் போலவே சாம்பல் உடம்பும் வெள்ளைப் புள்ளிகளுமாக வந்து நின்ற ஒரு வயதுக் குட்டியை 9,100 கினிக்கு வாங்கினார்கள். அப்பன் விலையைவிட ஏழு மடங்கு! வாங்கியவர், மூன்றாம் ஆகா கான். 1877-ல் கராச்சியில் பிறந்த, இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர். பூனாவில் காந்திஜியைச் சிறைவைத்திருந்தார்களே, கஸ்தூர்பா உயிர்விட்டாரே... அந்த ஆகா கான் மாளிகையைக் கட்டியவர் இவர்தான். ஷாஜஹானின் ராணி பெயரைத் தன் குதிரைக்குச் சூட்டினார்.

1923-ல் மும்தாஜ் ஓடவில்லை, பறந்தாள். 'பறக்கும் பெட்டை' என்றே பத்திரிகைகள் எழுதின. தொடர்ந்து ஐந்து வெற்றி. ஆறாவது பந்தயத்தில் சேற்றுத் தரையில் தோல்வி. மறுவருஷம் நியூமார்க்கெட்டில், ஒரு மைல் தூரமுள்ள 'ஆயிரம் கினி' பந்தயம். பெட்டைக் குதிரைகளுக்கான பெரிய கௌரவங்களில் ஒன்று. மும்தாஜ் முன்னால் போனாள். எல்லோரையும் பின்னால் விட்டுவிட்டுப் போனாள். கடைசிக் கட்டத்தில் மூச்சு இறைத்தது. பிளாக் என்ற பெட்டை அவளைத் தாண்டிப் போய்விட்டாள். அடுத்து இன்னொரு மைல் பந்தயம், அதிலும் தோல்வி.

'பார்த்தீர்களா... வெறும் ஸ்ப்ரிண்டர்!' என்றது உலகம். ஆகா கான் புரிந்துகொண்டு, மறுபடி அவளைக் குறைந்த தூரத்துக்குத் திருப்பினார். குட்வுட்டிலும் யார்க்கிலும் சுலபமான வெற்றி. பத்தில் ஏழு ஜெயித்துவிட்டு, குட்டி போடுவதற்காகப் பண்ணைக்குப் போனாள். அவளை அங்கேயே விட்டுவைப்போம். மறந்துவிடாதீர்கள்... மறுபடி வருவாள்!

மூன்றாவது வேட்பாளர், மும்தாஜின் பேரன் ஆபர்நன்ட். 1946-ல் பிறந்த இவனும் சாம்பல் நிறம். இவனுடைய அம்மா ருஸ்தம் மஹால், மும்தாஜின் மகள். பந்தயத்தில் ஓடியதே கிடையாது. பாட்டியின் வேகம் பேரனுக்கு வந்தது. 26 முறை சாம்பியன் ஜாக்கியான கார்டன் ரிச்சர்ட்ஸ் இவன் முதுகில் ஏறினார். 17 பந்தயங்களில் 14 வெற்றி. ஜூலை கோப்பை, நன்தார்ப் ஆகிய பெரிய வேகப் பந்தயங்களை 1949, 1950 என இரண்டு ஆண்டுகளும் விடாமல் ஜெயித்தான்.

இவன் கதையில் மறக்க முடியாத நாள், தோற்ற நாள்தான்! 1949-ல் 'இரண்டாயிரம் கினி' பந்தயம். அதே நியூமார்க்கெட், அதே ஒரு மைல். பாட்டி மூச்சுத் திணறிய இடத்தில் பேரன் ஓடுகிறான். கடைசி வரை முன்னால்தான் இருந்தான். எல்லைக் கோட்டில் நிம்பஸ் என்ற குதிரை வந்து ஒட்டிக்கொண்டது. போட்டோவைப் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள். நிம்பஸுக்கு ஒரு குட்டித் தலையளவு வெற்றி. அதே நிம்பஸ் பிறகு டெர்பியையும் ஜெயித்தது. யோசித்துப் பாருங்கள்... 'வெறும் ஸ்ப்ரிண்டர்' ஒருவன், டெர்பி வீரனை ஒரு மைல் தூரம் இழுத்துப் பிடித்து, போட்டோவில்தான் தோற்றான்!

குதிரைகளுக்கு மார்க் போடுவதையே தொழிலாகக் கொண்ட 'டைம்ஃபார்ம்' என்ற இங்கிலாந்து நிறுவனம், ஆபர்நன்ட்டுக்கு 142 கொடுத்தது. பின்னால் நாம் பார்க்கப்போகும் இரண்டு பேரும் 137, 136-தான். மார்க்தான் தீர்ப்பு என்றால் ஆபர்நன்ட் ஜெயித்துவிட்டான். ஆனால், 1949-ல் மார்க் போட்டவரும் 2012-ல் மார்க் போட்டவரும் ஒரே கையால் போட்டார்களா என்ன? எங்கள் காலத்து முதல் வகுப்பும் இந்தக் காலத்து முதல் வகுப்பும் ஒன்றா என்று வீட்டுக்கு வீடு நடக்கிறதே... அதே சண்டைதான்!

அமெரிக்காக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பதால் டாக்டர் ஃபேகரையும் சொல்லிவிடுகிறேன். 1968-ல் 139 பவுண்டு, அதாவது 63 கிலோ சுமந்துகொண்டு ஏழு பர்லாங்கை 80.2 விநாடிகளில் ஓடியவன். அதே ஆண்டு ஒரு மைலுக்கு உலக சாதனை. அவன் எல்லா தூரத்திலும் கில்லாடி. ஆகவே, அவனைச் சொந்தம் கொண்டாட வேறு கட்சிகளும் உண்டு. இந்த வழக்கில் அவனை மரியாதையோடு விடுவிக்கிறோம்!

நான்காவது ஆள், டேஜூர். 1990-ல் இவன் செய்தது எந்தக் கணக்கிலும் அடங்காது. துபாய் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஹம்தான் அல் மக்தூமின் குதிரை. பயிற்சியாளர் டிக் ஹெர்ன், 1984-ல் வேட்டையின்போது குதிரையிலிருந்து விழுந்து, சக்கர நாற்காலியில் முடங்கியவர். நாற்காலியில் உட்கார்ந்தபடி உலகத்தின் அதிவேகக் குதிரையைத் தயார்செய்தார்!

அந்த ஒரே பருவத்தில் கிங்ஸ் ஸ்டாண்ட், நன்தார்ப், ஹேடாக் ஸ்ப்ரிண்ட் கோப்பை, பாரிஸில் அபே என்று இங்கிலாந்திலும் பிரான்சிலும் இருந்த பெரிய வேகப் பந்தயங்களை வாரிக் குவித்தான். யார்க் மைதானத்தில் நன்தார்ப் பந்தயத்தில் 56.16 விநாடி. அந்தச் சாதனை 29 ஆண்டுகள் நின்றது. 2019-ல் பட்டாஷ் என்ற குதிரைதான் முறியடித்தது.

அக்டோபர் 27. நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க். அமெரிக்காவின் பிரீடர்ஸ் கோப்பை. டேஜூர் மண்தரையில் ஓடியதே இல்லை. வளைவான பாதையில் இப்படி ஒரு வேகப் பந்தயமும் ஓடியதில்லை. அமெரிக்கச் சாம்பியன் ஸேஃப்லி கெப்ட் என்ற பெட்டையும் இவனும் மட்டும் தனியாகப் பிரிந்து வருகிறார்கள். எல்லை நெருங்குகிறது. டேஜூர் தலையை முன்னால் நீட்டிவிட்டான். ஜெயித்த மாதிரிதான்!

மாலைச் சூரியன், மைதானக் கட்டடத்தின் நிழலைப் பாதையின் குறுக்கே போட்டிருந்தது. குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில். நேர் எதிரே ஆழம் பார்க்கும் சக்தி குறைவு. வெளிச்சத்துக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு என்றால் அதற்குப் பள்ளமாகத் தெரியலாம். அவ்வளவு வேகத்தில் வந்த டேஜூர், அந்த நிழலை... தாண்டிக் குதித்தான்! தாளம் தப்பியது. சமாளித்து ஓடி, கோட்டருகே இன்னொரு நிழலையும் தாண்டினான். ஒரு கழுத்து வித்தியாசத்தில் தோல்வி. மேலே இருந்த வில்லி கார்சன் என்ன செய்ய முடியும்? உலகத்தின் தலைசிறந்த வேகக்காரனை எந்தக் குதிரையும் ஜெயிக்கவில்லை. ஒரு நிழல் ஜெயித்தது! அதுதான் அவனுடைய கடைசிப் பந்தயம்.

ஐந்தாவது வேட்பாளருக்காக ஆஸ்திரேலியா போகவேண்டும். வேக ஓட்டத்தை இளக்காரமாகப் பார்க்காமல் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் தேசம். ஜோ ஜானியாக் என்ற டாக்ஸி டிரைவர், 1,400 டாலருக்கும் குறைவாகக் கொடுத்து, யாரும் சீந்தாத ஒரு குதிரையை வாங்கித் தானே பயிற்சி கொடுத்தார். டேக்ஓவர் டார்கெட் என்ற அந்தக் குதிரை 2006-ல் ராயல் ஆஸ்காட்டில் கிங்ஸ் ஸ்டாண்ட் பந்தயத்தையே ஜெயித்தது! அப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து வந்தவள்தான் பிளாக் கேவியார்.

2006-ல் பிறந்தவள். நண்பர்கள் சிலர் கூட்டுச் சேர்ந்து 2,10,000 ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கினார்கள். பயிற்சியாளர் பீட்டர் மூடி. காளை மாதிரி உடம்பு. எடை ஐந்நூற்றைம்பது கிலோவுக்கும் மேல். 2009-ல் ஓட ஆரம்பித்தாள். ஜெயித்தாள். மறுபடி ஜெயித்தாள். ஜெயித்துக்கொண்டே இருந்தாள். ஊர் ஊராகக் கூட்டம் திரண்டது. 'உள்ளூரில் ஜெயித்தால் ஆச்சா? ஆஸ்காட் வரட்டும்' என்றார்கள் இங்கிலாந்தில்.

2012 ஜூனில் போனாள். உடம்பைப் பிடித்தாற்போல ஒரு விசேஷ உடை மாட்டி, பாதி உலகம் தாண்டி விமானப் பயணம். எலிசபெத் மகாராணி பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆறு பர்லாங். பிளாக் கேவியார் முன்னால் வந்தாள். ஆனால், வழக்கமான பாய்ச்சல் இல்லை. 'ஜெயித்தாயிற்று' என்று நினைத்த ஜாக்கி லூக் நோலன், கடைசி சில மீட்டர்களில் விரட்டுவதை நிறுத்திவிட்டார். குதிரையும் வேகத்தைக் குறைத்தது. பின்னால் பிரான்சிலிருந்து வந்த மூன்லைட் க்ளவுட் பாய்ந்து வருகிறாள்! நோலன் பதறி மறுபடி விரட்ட... ஒரு தலை வித்தியாசத்தில் வெற்றி. உலகம் முழுக்க ஜாக்கியைத் திட்டித் தீர்த்தது.

அப்புறம்தான் டாக்டர்கள் பார்த்தார்கள். அவள் முதுகில் தசை கிழிந்திருந்தது! கிழிந்த தசையோடு, ஜாக்கியின் தவறோடு, பூமிப்பந்தின் அடுத்த பக்கத்தில் ஓடித்தான் ஜெயித்திருக்கிறாள். அதற்குப் பிறகும் திரும்பி வந்து மூன்று முறை ஓடினாள். மூன்றும் வெற்றி. 2013 ஏப்ரலில் ஓய்வு. 25 பந்தயம், 25 வெற்றி.

இப்போது தீர்ப்புக்கு வருவோம். ஆனால், ஒரு சின்னச் சிக்கல். இது ஐந்து பேருக்கிடையே நடக்கும் வழக்கு என்றுதானே இவ்வளவு நேரம் நினைத்தீர்கள்? இல்லை. இது ஒரே குடும்பத்துப் பங்காளிச் சண்டை!

பண்ணையில் விட்டு வந்தோமே, மும்தாஜ் மஹால்... அவளுக்கு மாஹ் மஹால் என்று இன்னொரு மகள். அவள் மகன் மஹ்மூத், 1936-ல் டெர்பியையே ஜெயித்தான். ஜெயித்தது மட்டுமில்லை. அவன் ஓடிய நேரம் 1995 வரை, 59 ஆண்டுகள், டெர்பி சாதனையாக நின்றது! 'ஒரு மைல்கூடத் தாங்காது' என்று ஒதுக்கப்பட்டவளின் பேரன், ஒன்றரை மைலில் அரை நூற்றாண்டுக்கும் மேல் ராஜா!

1940-ல் மஹ்மூதை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே அவனுக்குப் பிறந்தவள் அல்மஹ்மூத். அவள் மகள் நடால்மா. நடால்மாவுக்கு 1961-ல் கனடாவில் ஒரு குட்டைப் பையன் பிறந்தான். 25,000 டாலர் விலை சொன்னபோது, 'இவ்வளவு குள்ளமா?' என்று யாரும் வாங்கவில்லை. பெயர், நார்தர்ன் டான்ஸர். 1964-ல் கென்டக்கி டெர்பியைச் சாதனை நேரத்தில் ஜெயித்து, பிறகு உலகத்தின் பந்தயக் குதிரை வம்சத்தையே மாற்றியவன். அவன் மகன் டான்ஜிக். டான்ஜிக்கின் மகன்தான்... டேஜூர்!

நார்தர்ன் டான்ஸரின் இன்னொரு மகன் நிஜின்ஸ்கி. அவன் மகன் ராயல் அகாடமி. அவன் மகன் பெல் எஸ்பிரிட். பெல் எஸ்பிரிட்டின் மகள்தான்... பிளாக் கேவியார்!

இதில் ஒரு கொசுறு. பிளாக் கேவியாரின் தாத்தா ராயல் அகாடமி, 1990-ல் ஹேடாக் பந்தயத்தில் டேஜூருக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தவன். டேஜூர் நிழலைத் தாண்டித் தோற்ற அதே நாள், அதே பெல்மான்ட் மைதானத்தில், ஓய்விலிருந்து திரும்பி பன்னிரண்டே நாள் ஆகியிருந்த 54 வயது லெஸ்டர் பிகாட்டைச் சுமந்துகொண்டு, ராயல் அகாடமி மைல் பந்தயத்தை ஜெயித்தான்!

இன்று உலகத்தில் ஓடும் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றின் ரத்தத்தில் நார்தர்ன் டான்ஸர் இருக்கிறான். ஆகவே, இதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. ஆனால், இளக்காரத்துக்குப் பதில் இருக்கிறது. 2010-ல் டப்ளின் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், குதிரையின் தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவை வைத்தே அது குறைந்த தூரத்துக்கா, நெடுந்தூரத்துக்கா என்று சொல்ல முடியும் என்றார்கள். 2012-ல் இன்னொரு ஆச்சரியம். அந்த வேக அம்சம், பெருமையாகப் பேசப்படும் கிழக்கத்திய ஆண் குதிரைகளிடமிருந்து வரவில்லை. சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனில் இருந்த, பெயர் தெரியாத ஏதோ ஒரு நாட்டுப் பெட்டைக் குதிரையிடமிருந்து வந்திருக்கவேண்டும் என்றது ஆராய்ச்சி. இருபதாம் நூற்றாண்டில் அதை உலகெங்கும் பரப்பியதில் பெரிய பங்கு, நார்தர்ன் டான்ஸருக்கும் அவன் அப்பா நியார்க்டிக்குக்கும். ஆக, அப்பா வழியில் அந்தப் பெயரில்லாதவளின் வேகம். அம்மா வழியில் மும்தாஜின் ரத்தம்!

'சரி, சுற்றி வளைக்காமல் ஒரு பெயர் சொல்லுங்கள்' என்கிறீர்கள். சொல்கிறேன்.

ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பந்தயம், எல்லோரும் உச்சத்தில் என்றால், யார்க் மைதானத்து டேஜூர். அவனை அன்று யாரும் பிடித்திருக்க முடியாது. ஆனால், தலைசிறந்த ஓட்டக்காரர் என்று ஒருவரைத்தான் சொல்லவேண்டுமென்றால், என் ஓட்டு பிளாக் கேவியாருக்கு. 25 என்ற எண்ணுக்காக மட்டுமல்ல. ஒரு நிமிடத்துக்குள் எத்தனை தவறு நடக்க முடியும் என்று பார்த்தோம். சேறு மும்தாஜை வீழ்த்தியது. போட்டோ ஆபர்நன்ட்டை வீழ்த்தியது. நிழல் டேஜூரை வீழ்த்தியது. டெட்ரார்க் ஏழு முறை தப்பினான். எட்டாவது முறை காலே தப்பவில்லை. இவள் 25 முறை தப்பினாள். கடைசியில் உடம்பே காலை வாரியபோதும் ஒரு தலை முன்னால் நின்றாள்.

இந்தப் பெருமைக்கெல்லாம் விலை கொடுத்தவை யார் என்பதையும் சொல்லாமல் முடிக்கக்கூடாது. டெட்ரார்க்கின் கால், பிளாக் கேவியாரின் முதுகு. 2024 ஆகஸ்ட் 17 அன்று, பதினெட்டாவது பிறந்தநாளுக்கு முந்தைய தினம், குளம்பைத் தாக்கும் லாமினைட்டிஸ் என்ற நோயால் அவளைக் காப்பாற்ற முடியாமல் போனது. அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் ஒரு குட்டி போட்டிருந்தாள். மூச்சு முட்ட ஓடியபோது 'நாமதான் உலகத்துலயே ஒசத்தி' என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. அது நம்முடைய சண்டை. அவர்களுக்கு எதிரே நீண்டு கிடந்த பச்சைப் புல்தரை மட்டும்தான் தெரியும்.

இனி யாராவது உங்களிடம், 'அவன் கெட்டிக்காரன்தான்... ஆனா தம் பத்தாது, வெறும் வேகம்' என்று யாரைப் பற்றியாவது உதட்டைச் சுழித்தால், நியூமார்க்கெட்டில் கடைசிக் கட்டத்தில் மூச்சு வாங்கிய அந்த சாம்பல் நிறப் பெட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று அவளைத் தாண்டிப்போன பிளாக்கின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? மும்தாஜோ, இன்றைக்கும் உலகத்தின் ஏதாவது ஒரு மைதானத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறாள்!